கயிறு பிடிக்கிறவன் பேசிய வசனம்

எதைப் படித்தாலும் முதலில் ஊர்ப்பேச்சில் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது பிளாரன்ஸின் வழக்கம். பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்தது அது. "ராசா செத்துட்டான், மவன் வந்து உக்காந்துட்டான், அவனுக்கும் சண்டைதான்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வரலாற்றுப் பரீட்சையில் நல்ல தமிழில் விடை எழுதுவாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. கப்பல் கம்பெனியின் ஆங்கிலக் கடிதத்தை வாசித்து, "பெட்டி கொழும்புலயே கெடக்காம், வியாழக்கிழமைக்கு மேலதான் வருமாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் பதில் தட்டுவாள். பக்கத்து நாற்காலி முத்துச்செல்வி ஆறு வருடமாக இதைக் கேட்டுச் சலித்துப்போனவள். "ஏளா, நீ படிக்கியா, ஜெபம் சொல்லுதியா?" என்பாள்.

வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் பிளாரன்ஸ். அம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். அப்பா நிலக்கரி லாரி ஓட்டுகிறார். ஜப்பானிய மொழியை அவள் படித்தது ஒரு வீம்பில். ஜப்பானிலிருந்து வந்த ஒரு சரக்கின் தாளைக் காட்டி, "இதெல்லாம் நமக்கு வராதும்மா, வெளியில குடுத்துப் பாத்துக்கிடலாம்" என்று மேனேஜர் சொன்னார். அந்த 'நமக்கு' அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடம் கைபேசியிலேயே படித்தாள். பஸ்ஸில் படித்தாள், சாப்பாட்டு நேரத்தில் படித்தாள், பரீட்சைகள் எழுதித் தேறினாள்.

அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்தது. கைபேசியில் ஆடுகிற ஒரு ஜப்பானிய மாயாஜாலக் கதை விளையாட்டு. தமிழில் 'ஆழிமணி' என்று பெயர். அதில் வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் அவள் தமிழாக்க வேண்டும். பதினோராயிரம் வரி.

கதையை அவள் முத்துச்செல்விக்குச் சாப்பாட்டு வேளையில் தவணை தவணையாகச் சொன்னாள். ஒரு தீவு. எப்போது ஏற வேண்டும், எப்போது வற்ற வேண்டும் என்று அந்தத் தீவின் கடலுக்குச் சொல்வது கோபுரத்து மணி. மணி அறுந்து கடலில் விழுகிறது. கடலுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ஷிஹோ என்கிற பெண் ஏழு அடுக்குக் கடலுக்குள் இறங்கி அதை எடுத்து வர வேண்டும். மேலே படகில் அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவள் புருசன் கோஸுகே. கூடவே நிழலைத் தொலைத்த ஓர் இளவரசன், இனி மீனே தின்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மெலிந்துகொண்டே போகும் ஒரு கொக்கு, வழியெல்லாம் உப்புக் கொள்ளைக்காரர்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் கடல் கூலி கேட்கும். கூலியைத் தன்னிடமிருந்துதான் எடுக்கிறது என்று ஷிஹோ நினைத்துக்கொண்டிருப்பாள். எடுபடுவது கோஸுகேயின் ஞாபகம். முதலில் கல்யாண நாள் போகும், பிறகு அவள் குரல் போகும், முகம் போகும். ஆறாவது அடுக்கில், கயிற்றின் அந்த முனையில் இருப்பது யாரென்றே அவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

"அப்புறம்? விட்டுட்டானா?" முத்துச்செல்வி டிபன் பாக்ஸை மூடாமல் கேட்டாள்.

"விடமாட்டான். ஆனா ஏன் விடலன்னு நாலு வரி பேசுவான். அந்த நாலு வரிதான் எனக்கு வர மாட்டேங்கு."

ஷிஹோவும் கோஸுகேயும் மூல விளையாட்டில் டோக்கியோ பேச்சுப் பேசுகிறவர்கள் இல்லை. ஏதோ ஒரு தெற்குக் கரையின் கொச்சை. அதைப் படித்த அன்றே பிளாரன்ஸ் தீர்மானித்துவிட்டாள், தமிழில் இந்த இரண்டு பேரும் தன் கரையின் பேச்சைப் பேசப்போகிறார்கள் என்று. காலம் முழுக்க உதட்டுக்குள் ஒளித்து வைத்த பேச்சு ஒரு கதாநாயகன் வாயில் வரப்போகிறது. வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆனால் அவள் கடலில் கயிறு பிடித்தவள் இல்லையே. பிடிக்கிறவர் எஸ்றா, ஞாயிறு எட்டு மணிப் பூசையில் அவள் பார்க்கிறவர்.

அவள் ஊர்க் கரையிலுள்ள திரேஸ்புரத்தில் முத்துக்குளிப்பு நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. சங்கு குளிப்பு இருக்கிறது. எஸ்றாவின் தங்கச்சி மாப்பிள்ளை அமலன் இறங்குவார். எஸ்றா மேலே வள்ளத்தில் கயிற்றையும் காற்று டியூப்பையும் பார்த்துக்கொள்வார். அது அங்கே பழைய ஏற்பாடு. இறங்குகிறவனின் கயிறு அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிளாரன்ஸ் போனபோது, கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் எஸ்றா டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டதும் சிரித்தார்.

"பொண்டாட்டி கீழ, புருசன் மேலயா? ஜப்பான்காரனுக்குக் கிறுக்காளா? புருசன் கையில கயித்தக் குடுப்பானா எவனாவது? காலைல கொழம்புக்கு உப்பு இல்லன்னு சண்டை போட்டுட்டு வந்திருப்பான். கோவத்துல விட்டுட்டான்னா?"

"அப்ப யாருண்ணே பிடிக்கணும்?"

எஸ்றா விரல் விட்டு உறவுமுறை பார்த்தார். "நம்ம முறைக்கு, அவளுக்கு நாத்தனாதான் பிடிக்கணும்."

"நாத்தனா பிடிச்சா மேல வந்து சேருவாளா?" வள்ளத்துக்குள் படுத்திருந்த அமலன் குரல் கொடுத்தார். "ஏம்மா, இவங்கிட்ட என்னத்தக் கேக்க? நான் கீழ கெடந்து சாவுதேன், இவன் மேல உக்காந்து வெயில் காயுதான்."

எஸ்றாவின் சிரிப்பு அதோடு போய்விட்டது. "தெனமும் இதே ஏச்சுதான்" என்றார் மெதுவாக.

மூன்று ஞாயிறு பிளாரன்ஸ் அங்கே போனாள். எஸ்றா பேசப் பேசக் கைபேசியில் பதிந்தாள். இறங்கும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். "எறங்குங்க மச்சான், கயிறு எங்கிட்ட இருக்கு. பதினாறு வருசமா அதான் சொல்லுதேன். வேற சொன்னா அவரு எறங்க மாட்டாரு." உங்கள் கையில் இருப்பது அவர் உயிர்தானே என்று கேட்டாள். "அவரு உயிரா? எந்தங்கச்சி தாலிதான எங்கையில இருக்கு."

கடைசி ஞாயிறு ஆறாவது அடுக்கைக் கேட்டாள். "கீழ இருக்கது யாருன்னே ஒங்களுக்கு மறந்துபோச்சுன்னு வையுங்க. பக்கத்துல ஒருத்தன், விட்டுருலே விட்டுருலேங்கான். என்ன செய்வீங்க?"

எஸ்றா கையிலிருந்த டியூப்பைக் கீழே வைத்தார். "யாருன்னு தெரியாட்டி என்ன? கயிறு கனக்கும்லா. கனத்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். ஆளு இருக்கும்போது எப்பிடி விட?"

அந்த நாலு வரி அப்படியே கோஸுகேக்குப் போனது. ஒரு சொல்லைக்கூட அவள் தொடவில்லை. ஷிஹோ இறங்கும்போதெல்லாம் அவன் சொல்வதும் எஸ்றாவின் 'எறங்கு, கயிறு எங்கிட்ட இருக்கு'தான்.

கிளம்பும்போது எஸ்றா கேட்டார். "இது வெளிவரும்போது சொல்லுளா. மச்சானுக்குக் காட்டணும். சும்மா உக்காந்திருக்கவன் என்னத்தப் பேசுதான்னு அவரு கேக்கட்டும்."

"கட்டாயம்ணே. நானே கொண்டாந்து காட்டுவேன்" என்றாள் பிளாரன்ஸ்.

வேலையை அனுப்பும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 'உதவியவர்கள்' என்று அதில் ஒரு கட்டம். எஸ்றாவின் பெயரை எழுதப்போனவள் நிறுத்தினாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது, யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறாள் என்று கம்பெனியில் நினைத்துவிட்டால்? முதல் வேலை. 'யாரும் இல்லை' என்று தட்டினாள்.

பத்து நாளில் சென்னையிலிருந்து பேசினார் ஆறுமுகநயினார். தமிழ் வேலைக்கு அவர்தான் பொறுப்பு.

"ஐநூத்து நாப்பதாவது வரியப் பாருங்க. 'எந்தங்கச்சி தாலி மேல சத்தியமா விடமாட்டேன்'னு கோஸுகே சொல்றான். யாருங்க அந்தத் தங்கச்சி? கீழ இருக்கறது அவன் பொண்டாட்டி இல்லையா?"

பிளாரன்ஸ் அந்த வரியைத் திறந்து பார்த்தாள். பத்துத் தரம் திருத்தியிருக்கிறாள், கண்ணில் படவே இல்லை. கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தே ஆக வேண்டும் என்று அவள் காது முடிவுகட்டி வைத்திருந்தது.

"தப்புதான் சார். அந்த வரிய மாத்திருதேன்."

"ஒரு வரியா? மொத்தமும் இப்படித்தானே இருக்கு. ஹீரோ மீன்காரன் மாதிரிப் பேசினா யாரு மதிப்பா? பொதுத் தமிழ் வேணும்."

"ஜப்பான்லயும் அவங்க கரைப் பேச்சுதான் சார் பேசுதாங்க. அங்க உள்ளவங்க மதிக்கத்தான செய்தாங்க?"

"அது அங்க. இந்தப் பேச்ச நாலாவது அடுக்குல கொள்ளைக்காரனுக்கு வெச்சுக்கலாம். நல்லா காமெடியா இருக்கும்."

"சார், நீங்க எந்த ஊரு?"

"ஸ்ரீவைகுண்டம். அதுக்கென்ன?"

"வீட்டுல எப்பிடிப் பேசுவீங்க?"

"வீட்டுல பேசறதையெல்லாம் வெளியில பேசுவோமா?" என்று போனை வைத்தார்.

அன்று முழுக்க அவளுக்கு ஆறவில்லை. இதே பக்கத்து ஆற்றுக்கரையில் பிறந்த மனுசன் தன் தாய் பேசுகிற பேச்சைக் கேலிக்கு என்று ஒதுக்கி வைக்கிறானே என்று முத்துச்செல்வியிடம் பொருமித் தீர்த்தாள். "நீ மட்டும் பரீட்சையில எப்பிடி எழுதுன?" என்று கேட்டாள் முத்துச்செல்வி.

இரண்டு மாதம் கழித்து 'ஆழிமணி' வெளிவந்தது. பிளாரன்ஸ் ஒரே மூச்சில் ஆடிப் பார்த்தாள். ஷிஹோ ஆண்டுவிழா மேடையில் பேசுகிறவள் போலப் பேசினாள். அதைக்கூடச் சகித்துக்கொண்டாள். நாலாவது அடுக்கு வந்தது. முத்துக்குளிக்கிற ஒருவனை உப்புக் கொள்ளைத் தலைவன் நைச்சியமாகப் பேசிக் கடலில் இறக்குகிற இடம். கொள்ளைத் தலைவன் வாயைத் திறந்தான்.

"எறங்கு, கயிறு எங்கிட்ட இருக்கு."

முத்துப் பை மேலே வந்தது. கொள்ளைக்காரன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

பிளாரன்ஸ் கைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். பதினாறு வருடம் ஒரு மனுசன் நெஞ்சாரச் சொன்ன சொல். அதைச் சொல்லித்தான் இன்னொருவன் கண்ணை மூடிக் கடலில் இறங்குகிறான். கயிற்றை அறுக்கிறவன் வாயில் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், சிரிப்புக்காக. கரையில் ஒருவனைப் பார்த்து இதைவிட அசிங்கமாக ஏச முடியாது. ஆறாவது அடுக்கில் கோஸுகே, "தாங்கள் யாரென்று அறியேன், எனினும் இக்கயிற்றை ஒருபோதும் கைவிடேன்" என்று முழங்கினான். கனம் என்ற பேச்சே அதில் இல்லை. முடிவில் 'தமிழ்: பிளாரன்ஸ்' என்று அவள் பெயர் மட்டும் தனியாக வந்து நின்றது.

ஆறுமுகநயினாரை அழைத்தாள். "அது கடலுக்குப் போறவரு பேசுனது சார். அவரக் கேட்டீங்களா? எவன் வாயில வைக்கோம்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா?"

"யாரு அவரு?" என்றார் ஆறுமுகநயினார். குரலில் கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். "யாரும் இல்லைன்னுதானே நீங்க எழுதியிருக்கீங்க?"

அவள் போனை வைத்தாள். ஆனாலும் விடவில்லை. ஜப்பானில் விளையாட்டைச் செய்த கம்பெனிக்கே நான்கு பக்கம் எழுதினாள், அவர்கள் மொழியில். மச்சினன் கையில் கயிறு இருக்கும் ஏற்பாட்டை விளக்கினாள். அந்தச் சொல்லைக் கொள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கிக் கோஸுகேக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை எஸ்றாவின் பெயரை எழுதினாள். அவரை யாரும் இல்லை என்று ஆக்கியது சென்னையில் இருக்கிறவர் மட்டும்தானா என்று அவளுக்கே விளங்கவில்லை.

பதில் வந்தது. அத்தனை பணிவான மன்னிப்பை அவள் வாழ்நாளில் யாரிடமும் வாங்கியதில்லை. ஒரு வட்டாரத்து மக்களைப் புண்படுத்தும் பேச்சு அடுத்த பதிப்பில் முழுவதுமாக நீக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். சொன்னபடியே நீக்கினார்கள். கொள்ளைக்காரனும் இப்போது, "அச்சமின்றி இறங்குவாயாக" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுக் கயிற்றை அறுக்கிறான். பதினோராயிரம் வரியில் திரேஸ்புரத்துப் பேச்சு ஒரு வரி இல்லை.

"நான் எடுக்கச் சொல்லலியே, முத்து. குடுக்கத்தான சொன்னேன்" என்று அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் பிளாரன்ஸ்.

எஸ்றாவிடம் போய்ச் சொல்ல அவளுக்குக் கால் வரவில்லை. எட்டு மணிப் பூசையை விட்டுவிட்டு விடியற்காலைப் பூசைக்குப் போகத் தொடங்கினாள். திரேஸ்புரம் வழி போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை. ஆனால் விளையாட்டு வெளிவந்த சேதி தானாகவே கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடல் சரியில்லாத இந்த வாரம் அமலன் அதைத் தன் கைபேசியில் இறக்கியிருக்கிறார். மச்சானும் மச்சினனும் மாறி மாறி ஆடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் இருந்தபோது எஸ்றாவின் குரல் பதிவு வந்தது.

"ஏளா பிளாரன்ஸு, அஞ்சாவது அடுக்கு முடிஞ்சிட்டு. அந்தக் கொக்கு நல்லாருக்கு. நம்ம பேச்சு ஒண்ணையும் காணுமே, ஆறாவதுலதான வரும்? மச்சான் நம்ப மாட்டேங்காரு. பொறுங்க மச்சான்னு சொல்லி வச்சிருக்கேன்."

பின்னால் அமலன் ஏதோ சொல்வதும் எஸ்றா சிரிப்பதும் கேட்டது. பிளாரன்ஸ் மூன்று தடவை பதில் எழுதினாள். சென்னைக்காரர்களைத் திட்டி ஒன்று, மன்னிப்புக் கேட்டு ஒன்று, 'நேரில் வாரேன்' என்று ஒன்று. மூன்றையும் அழித்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. அவள் இன்னும் போகவில்லை.