எண்பது நிமிடத் தாலிக்கொடி

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியின் தாலிக்கொடியைக் கழுத்தில் சுமப்பது. சம்பளம் ஒரு கோப்பை சூடான கக்காவோ. ஜெர்மனியில் நாங்கள் இருந்த கெல்சென்கிர்ச்சன் நகரில் அதைவிடப் பெரிய பதவி யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

சித்தி ரக்பி லீக் விளையாடினார். முதியோர் இல்லத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த காலத்தில், கட்டிலில் கிடப்பவர்களை அவர் தூக்கும் விதத்தைப் பார்த்த ஒரு ஜெர்மன்காரி மைதானத்துக்கு இழுத்துப் போனாளாம். பக்கத்துக்குப் பதின்மூன்று பெண்கள், முட்டை வடிவில் ஒரு பந்து. பந்தோடு ஓடுகிறவர்கள் ஆறு தடவை விழுத்தப்பட்டால் பந்தை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். சித்தி கட்டை. அவரை விழுத்த மூன்று பேராவது வேண்டும்.

சிக்கல் நடுவரால் வந்தது. விளையாட்டுத் தொடங்குமுன் அவர் காது, கழுத்து, விரல் எல்லாம் பார்ப்பார். நகை எதுவும் கூடாது. தோட்டைக் கழற்றலாம். தாலியை? கலியாணமான பின் வந்த முதல் விளையாட்டன்று சித்தி கழுத்தைப் பிடித்தபடி காரைவிட்டு இறங்காமலே இருந்தாராம். சித்தப்பாதான், "நான் கட்டினது, நானே கழட்டுறன்" என்றாராம். அன்றிலிருந்து அவர் கழற்றி என் கழுத்தில் போட்டுவிடுவார். முடிந்ததும், சேறு பூசிய சித்தியின் கழுத்தில் திரும்பவும் மாட்டிவிடுவார். மற்றவர்களுக்கு ஒருமுறை கெட்டிமேளத்தோடு நடப்பது எங்களுக்குக் கார் தரிப்பிடத்தில், மேளம் இல்லாமல் அடிக்கடி நடந்தது.

அந்த ஞாயிறுகள் இப்போதும் கனவு மாதிரித்தான் வருகின்றன. மூடுபனியில் கோல் கம்பங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஓடுகிறவர்களின் மூச்சு வெள்ளையாக எழும்பும். ஜாக்கெட்டுக்குள் கொடி முதலில் குளிரும், பிறகு என் சூட்டை வாங்கிக்கொண்டு பூனைக்குட்டி போல நெஞ்சில் கிடக்கும். சித்தியின் பக்கம் விழுவதை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அரைத் தூக்கத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிறு சித்தியின் உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்; கொடியை எல்லோரும் மறந்துபோனோம். வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா நான் பிறந்த வருடமே இறந்துவிட்டார். எனக்கு அவர் சுவரில் இருக்கும் ஒரு படம். தன் தங்கையான சித்தி பந்து விளையாடுவது அம்மாவுக்குத் தெரியும், தாலியைக் கழற்றும் விசயம் தெரியாது. என் ஜாக்கெட்டைத் திறந்தவர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

"கழட்டி மேசையிலை வை" என்றார். தான் தொடவில்லை.

மாலையில் தையல் போட்ட உதட்டோடு சித்தி வந்தார், கூடவே சித்தப்பாவும். அடுத்த ஞாயிறு வுப்பர்டாலில் சித்திக்கு ஜெர்மனி அணியில் முதல் ஆட்டம். அந்தச் சட்டைக்காக அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

"விளையாட்டுக்காகத் தாலியைக் கழட்டுவியோ? அதின்ரை அருமை உனக்குத் தெரியுமோ?" என்றார் அம்மா.

சித்தி, "சரியக்கா, நான் போகேல்லை" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். இரண்டு பேர் சேர்ந்தும் விழாதவர் இப்படி உட்கார்ந்து அழுததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்தப்பா மேசையிலிருந்த கொடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, விளையாட்டண்டைக்கு நீங்களே வைச்சிருங்கோ."

"நானோ? நான் தொடக்கூடாது."

"உங்களைவிட ஆர் இதைக் கவனமாய் வைச்சிருப்பினம்?"

அம்மா கையை நீட்டாமல் சமையலறைக்குப் போனார்.

ஆனால் அடுத்த ஞாயிறு வுப்பர்டாலுக்கு வந்தார். சித்தப்பா கழற்றிக் கொடுத்த கொடியைக் கைப்பையில் வைக்கவில்லை, கோட்டுப் பையிலும் வைக்கவில்லை. இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு எண்பது நிமிடமும் நின்றார். சித்தி விழுந்து எழும்பச் சுணங்கியபோது பொத்திய கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு, விளையாட்டே விளங்காமல், "விடாதை, ஓடடி!" என்று கத்தினார். ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜெர்மனி தோற்றது. சித்தி சிரித்துக்கொண்டே வந்து கழுத்தை நீட்டினார். அம்மா கையைத் திறந்தபோது உள்ளங்கைகளில் கொடியின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. வீடு வரும்வரை காரில் அந்தத் தடங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"அடுத்த முறை நான்தானே வைச்சிருப்பன்?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. இனி நான் வாறன்."

சொன்னபடியே, முழங்கால் போய்ச் சித்தி விளையாட்டை விடும்வரை எல்லா ஆட்டத்துக்கும் வந்தார். நானோ, என் பதவியைப் பறித்துவிட்டார் என்று அன்று கக்காவோவைக் குடிக்காமல், ஒரு கிழமை அம்மாவோடு கதைக்காமல் இருந்தேன். அம்மாவின் கழுத்தில் ஏன் ஒன்றும் இல்லை என்று அதுவரை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.