ஆட்டம் நடக்காத ஆண்டுகள்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணி கேட்டார்கள். நாலு பேர் சிரிக்கும்படி எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான்; சில காலமாக எனக்கு வருவதெல்லாம் இரங்கல் கட்டுரைதான். கை அலுத்துவிட்டது. ஆனாலும் இதை மறுக்க முடியவில்லை. அண்ணனுக்குச் செய்த தவறு ஒன்று பாக்கி இருக்கிறது.

அண்ணன் திருப்புட்குழியில் பிறந்தார். அப்பா போன பிறகு, பதினான்கு வயதில் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்ததால்தான் நான் கல்லூரியில் உட்கார்ந்தேன். மாலையில் ஊர் அணிக்கு அவர் கோல்கீப்பர். பகலெல்லாம் தறிக்குழியில் மடங்கிய முட்டி மாலையில் தாவ மறுத்தது. முப்பது வயதுக்குள் ஆட்டத்தை விட்டார். ஆட்டம் அவரை விடவில்லை.

ஊரே கிரிக்கெட் பார்த்தபோது அண்ணன் பிடித்துக்கொண்டது தேசியக் கால்பந்து சூப்பர் கோப்பையை. லீக்கில் வென்ற அணியும் கோப்பைப் போட்டியில் வென்ற அணியும் மோதும் ஒரே ஆட்டம். அதற்கு நாளிதழ் தந்த இடம் 'காணவில்லை' விளம்பரத்தைவிடச் சிறியது. அதை வெட்டி நீள நோட்டில் ஒட்டி, பக்கத்தில் வரலாறு எழுதுவார்.

"உலகத்துல வேற ஆட்டமே இல்லியாண்ணா?" என்று கேட்டேன்.

"லீக்கு உடலுடா, கோப்பை கரை. ரெண்டும் சேர்ற எடத்துல கோர்வை சரியா வுழுந்துதான்னு பாக்க வேணாமா?"

சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைப்பதுதான் கோர்வை. அதில் அவர் கை பேர் வாங்கிய கை.

அந்த வரலாற்றைப் புத்தகமாக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எழுதத் தெரிந்த தம்பி என்று நம்பி, படியெடுக்க நோட்டை என்னிடம் தந்தார். நான் அலமாரியில் வைத்தேன். ஒரு நாள் என் கட்டுரைக்குத் தாள் தீர்ந்தது. நோட்டில் நடுநடுவே வெறும் பக்கங்கள். மூலையில் பென்சிலில் ஆண்டு குறித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கிழித்தேன், எழுதினேன், பத்திரிகைக்கு அனுப்பினேன். அது பிரசுரமாகவும் இல்லை.

பிறகு அண்ணன் வந்து நோட்டைப் புரட்டினார்.

"இதுல இருந்த பக்கம்லாம் எங்கடா?"

"வெறும் பக்கம்தாண்ணா. நான்தான் கிழிச்சேன்."

"வெறும் பக்கமா? அது ஆட்டம் நடக்காத வருசம்டா!"

நான் சிரித்துவிட்டேன். தொழில் புத்தி. "ஒண்ணுமே எழுதலியேண்ணா?"

"நடக்காததுக்கு இன்னாத்த எய்துறது? குழியில மழைத்தண்ணி பூந்தா தறி நிக்குது. அது நாளு இல்லியா? அன்னிக்கு நாம உசுரோட இல்லியா?"

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனவர் மூன்று ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பெருந்தொற்று ஓய்ந்து நடந்த கருட சேவையில் எதிரெதிரே நின்றோம். இருவரும் பெருமாள் குடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூப்பர் கோப்பையின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒற்றை ஆட்டமாக இருந்தது நின்றுபோனது. பல ஆண்டு கழித்து, பல அணிகள் மோதும் தொடராக வேறு உடுப்பில் வந்தது. தொற்றில் மறுபடி நின்றது, மறுபடி வந்தது. அது திரும்பி வந்த செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாங்கிப் படித்தார். பிறகு உள்ளே பார்த்து, "யாரு வந்துக்கினு கீறான் பாரு. காபி போடு" என்றார். அவ்வளவுதான் சமாதானம். நோட்டும் என் கைக்குத் திரும்பியது.

மருத்துவமனையில் கடைசி வாரம், ஆக்சிஜன் குழாயோடு கேட்டார்: "கிழிச்ச எடத்துலல்லாம் தாள் வச்சித் தெச்சிட்டியாடா?"

"தெச்சிட்டேண்ணா."

பொய். அண்ணி என்னைப் பார்த்தார்கள். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த பழைய ஊர் அணியினருக்கும், அன்று தறியை நிறுத்திவிட்டு வந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி போதாது. நோட்டில் இப்போது தாள்களை வைத்துத் தைத்துவிட்டேன். படியெடுப்பும் முடிந்தது; புத்தகம் அச்சில் இருக்கிறது.

இந்த மலரை அச்சிடுபவர் அச்சேற்றும் முன் போன் செய்தார்.

"சார், உங்க கட்டுரைக்கு அப்பால மூணு பக்கம் காலியா விடச் சொல்லிக்கீறீங்க. மெசின் கோளாறுன்னு என்னியத்தான் சொல்லுவாங்க. பூப்படம் போட்டுடட்டா?"

"வேணாம்பா. அப்படியே உட்டுடு."

அடுத்த மூன்று பக்கங்களிலும் மூலையில் ஆண்டு மட்டும் இருக்கும். அச்சுப் பிழை அல்ல. அண்ணனும் நானும் பேசாத ஆண்டுகள் அவை. அப்போது இருவரும் உயிரோடுதான் இருந்தோம்.