பழனி அண்ணன் வண்டியில் ஆலங்கட்டி மழை பார்க்கப் போனேன்

அல் ஐனில் ஆலங்கட்டி மழை பார்க்க வேண்டும், ஷார்ஜாவிலிருந்து எப்படிப் போவது என்று நான்கு பேர் கேட்டு எழுதிவிட்டார்கள். வழியைச் சொல்கிறேன். கூடவே நான் செய்த கோளாறையும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு வழியை மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

போன வருடம் பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. அல் ஐன் பக்கம் ஆலங்கட்டி விழலாம் என்று முதல் நாளே எச்சரிக்கை வந்துவிட்டது. வீட்டிலேயே இருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. ஷார்ஜாவிலேயே வளர்ந்தவள், ஐஸை ஃப்ரிட்ஜில் மட்டும் பார்த்தவள். கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இங்கே லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கார் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். வாரம் ஒருமுறை ஓட்டாவிட்டால் பேட்டரி படுத்துவிடும். அப்படி அப்போது என்னிடம் இருந்தது திண்டுக்கல்காரர் பழனி அண்ணனின் கார். ஏசி கம்பெனி சூப்பர்வைசரான அவர், பதினேழு வருடம் பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் போய்விட்டு முதன்முதலாக வாங்கிய கார் அது. வெள்ளி நிறம், ஏழு வருடப் பழசு. அவர் பில்டிங்கில் பேஸ்மென்ட் பார்க்கிங் உண்டு. எங்கள் பில்டிங்கில் கிடையாது, திறந்த மணல்தான்.

சாவியைக் கொடுக்கும்போது, "பத்து நிமிசம் ஓட்டுனாப் போதும் தம்பி. மழைகிழை வந்தா மட்டும் வெளிய எடுக்காதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என்னிடமும் கார் இருந்தது. வாங்கி நாற்பது நாள். காலை ஆறரைக்கு என் காரை அண்ணனின் பேஸ்மென்ட் இடத்தில் விட்டேன், அவர் காரை வெளியே எடுத்தேன். பேட்டரிக்கும் நல்லதுதானே என்று மனைவியிடம் சொன்னேன். கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டோல் இல்லாத எமிரேட்ஸ் ரோடு வழியாக, பிறகு அல் ஐன் ரோடு. 150 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். பெட்ரோல் 65 திர்ஹம், வழியில் மூன்று கரக் டீ ஆறு திர்ஹம். எட்டே முக்காலுக்கு அல் ஐனைத் தாண்டி ஒட்டகப் பண்ணைகள் இருக்கும் பக்கம் ஒதுங்கினோம். பாலத்துக்கு அடியில் ஏற்கெனவே வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. போலீஸ் விரட்டிக்கொண்டிருந்தது. திறந்த வெளிதான் கிடைத்தது.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு முதல் கட்டி விழுந்தது. "அப்பா, ரியல் ஐஸ்!" என்று யாழினி கத்தினாள். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு எலுமிச்சை அளவில் வந்தன. கொண்டு போயிருந்த இரண்டு கம்பளிகளையும் முன் கண்ணாடி மேல் ஒன்று, பின் கண்ணாடி மேல் ஒன்று என்று சும்மா விரித்திருந்தேன். பக்கத்துப் பிக்கப்பிலிருந்த பாகிஸ்தான்காரப் பதான் டிரைவர், "பாய், தர்வாஜே மே தபாவ்!" என்று கையைக் காட்டிக் கத்தினார். ஓரத்தைக் கதவில் கொடுத்து மூடு என்கிறார். இறங்கி, தலையில் அடி வாங்கிக்கொண்டு முன்னதைச் செருகினேன். பின்னது அதற்குள் காற்றோடு போய்விட்டது.

கவிதா பின் சீட்டிலிருந்த யாழினியை முன்னால் இழுத்துத் தன் காலடியில் குனிய வைத்தாள். அடுத்த நொடி பின் கண்ணாடி மொத்தமாக உதிர்ந்து சீட்டில் கொட்டியது. யாழினி அழுதாள். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்தபோது கூரையும் பானெட்டும் குழி குழியாக இருந்தன.

இந்த நாட்டில் போலீஸ் பேப்பர் இல்லாமல் எந்தக் கராஜும் பாடி வேலையைத் தொடாது. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வண்டி எடுத்து வந்தது ஓனருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

ரிப்போர்ட் மெசேஜ் ஓனரின் போனுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. திரும்பும் வழியிலேயே திண்டுக்கல்லிலிருந்து அழைப்பு.

"தம்பி, அல் ஐன் போலீஸ்ல இருந்து ஏதோ மெசேஜ் வந்துருக்கு. என் வண்டி நம்பர் போட்டுருக்கான். ராங்கா வந்துருச்சு போல, என்னான்னு கொஞ்சம் விசாரிங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன்.

"ஒங்க வண்டிக்கு என்ன ஆச்சு?"

"அது பேஸ்மென்ட்ல இருக்குண்ணே."

"எந்தப் பேஸ்மென்ட்ல?"

சொன்னேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

அவர் எடுத்திருந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், ஒரு பைசா வராது. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒன்பது நாள் வேலை, 3,400 திர்ஹம், நான்தான் கொடுத்தேன். குழி எடுத்த மலையாளி மேஸ்திரி, "கை வச்சுத் தடவிப் பாருங்க, தெரியாது" என்றார். உண்மைதான், தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: தடிமனான கம்பளி குறைந்தது நான்கு வேண்டும், ஓரங்களைக் கதவில் செருகிவிடுங்கள். கட்டி விழும்போது குழந்தையைப் பின் கண்ணாடிக்குக் கீழே உட்கார வைக்காதீர்கள். சேதத்தைப் படம் எடுத்து அன்றே ரிப்போர்ட் வாங்குங்கள். ஃபுல் இன்சூரன்ஸிலும் மழை, ஆலங்கட்டி சேருமா என்று முன்னாலேயே கேளுங்கள். இன்னும் நல்லது, போகாமல் இருப்பது. போயே ஆக வேண்டுமென்றால் உங்கள் காரில் போங்கள்.

பழனி அண்ணன் இந்த வருடமும் நாற்பது நாள் லீவில் போய் வந்தார். என்னிடம் சிரித்துப் பேசுகிறார், யாழினிக்குப் பலாப்பழ சிப்ஸ்கூடக் கொண்டு வந்தார். அவர் திரும்பி வந்த அன்று நான் அவர் பில்டிங்குக்குப் போனபோது பேஸ்மென்டில் யாரோ ஒரு டிரைவர் கேபிள் மாட்டி, பேட்டரி படுத்துப்போன அவர் காரை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார். சாவி இந்த முறை அவரோடு ஊருக்குப் போயிருந்தது.