பெற்றோல் வாசம்

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலைக் காண்பதே அரிதாகிவிட்ட இந்த நாட்களில், கோப்பாயில் எங்கள் பழைய கார் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதற்கென்று பொருத்திய சின்னப் பிளாஸ்டிக் டாங்கி போன மாதம் வெடிப்பு விழுந்து கசிந்தது.

வெடிப்பில் தேய்த்துக் கசிவை அடைக்க மனைவியிடம் சவர்க்காரம் கேட்டேன்.

“கடைசித் துண்டு. தரமாட்டன்,” என்றாள்.

கோபத்தில் டாங்கியைக் கழற்றி வெறுமையாக்கினேன். சிந்தியதைத் துணியால் துடைத்தேன். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டலாமென்று கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எடுத்துவந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் எழுந்தது. கண்ணை மூடி முகர்ந்தேன். பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்துக் கீரிமலை வீதி, கடற்காற்று, பக்கத்தில் புதுப்பெண்ணாக அவள். கையில் கத்தி இருப்பதே மறந்துபோயிற்று.

“இஞ்சேருங்கோ! உங்களுக்கென்ன விசரே?”

அவள் என்னைப் பின்னால் இழுத்தாள். கத்தி நழுவித் துணியில் விழுந்தது. என் முகம் இருந்த இடத்தில் குப்பென்று தீ எழுந்தது. புருவம் கருகியதோடு தப்பினேன்.

வெறும் டாங்கிக்குள்ளும் பெற்றோல் ஆவி இருக்குமென்று அன்றுதான் உறைத்தது. இப்போது கசிவென்றால் நெருப்பை அண்டவிடுவதில்லை. கேட்குமுன்பே சவர்க்காரம் வந்துவிடுகிறது. அந்த வாசத்தின் மீதுள்ள ஆசை மட்டும் போகவில்லை. முகருமுன் இரண்டு கைகளையும் அவளிடம் விரித்துக் காட்டிவிடுகிறேன்.