மூன்றாம் கியரில் ஒரு வளைவு

காரில் எதையாவது மாட்டினால் இழுவை கூடுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "உங்களுக்கு வேகம் வேணுமா, சத்தம் வேணுமா?" பாதிப் பேருக்குச் சத்தம்தான் வேண்டும், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பின்னால் இறக்கை, பக்கவாட்டில் ஸ்டிக்கர், புகைக்குழாய்க்கு அகலமான வாய் என்று மாட்டிக்கொண்டு பழைய வேகத்திலேயே ஊர் சுற்றுவார்கள். டர்போ உள்ள எஞ்சினில் கம்ப்யூட்டரின் கணக்கைத் தெரிந்த ஆள் மாற்றி எழுதினால் இழுவை கூடும். கூடியே தீரும். அடித்துச் சொல்வேன். என் அப்பாவிடமே நிரூபித்தவள் நான்.

அப்பாவுக்குச் செம்பூரில் கார் ஒர்க்‌ஷாப். வீடு தாராவியில். நான் ஒரே மகள், படித்து முடித்ததிலிருந்து அவரோடுதான் வேலை. ஷெட்டில் பாதி இடம் காலியானபோது, அங்கே ட்யூனிங் வேலை மட்டும் தனியாகச் செய்கிறேன் என்று கேட்டேன். அவரோ அதை ஒரு டயர் கடைக்காரருக்கு விடுவதாகப் பாதி வாக்குக் கொடுத்திருந்தார்.

"கம்பெனிக்காரன் என்ன கோட்டிக்காரனா? அவன் வைக்காத பவரை நீ எங்கேருந்து கொண்டு வருவ?" என்றார்.

"அவன் எல்லாருக்கும் பொதுவா வைக்கான்ப்பா. மட்ட டீசலு, சர்வீஸே பண்ணாத ஓனரு, எல்லாரையும் நெனச்சு அடக்கி வைக்கான். மிச்சம் உள்ளதான் கெடக்கு."

"பக்வாஸ்! வெறும் ஒளறல்!"

எனக்கு வந்ததே கோபம்! அவருடைய டீசல் காரிலேயே செய்து காட்டுகிறேன் என்றேன். அவரும் சளைக்கவில்லை. கோப்போலி தாண்டி மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். அங்கே எத்தனையோ வருடமாக இரண்டாவது கியருக்கு இறங்கித்தான் அவர் ஏறுவார். "ஏசி போட்டு, என்னையும் வச்சு, மூணாவதுலயே ஏத்திக் காட்டு. எடம் உனக்கு. முடியலன்னா அதுக்கப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

கம்ப்யூட்டரை மாற்றி எழுதினேன். புகைக்குழாயை அகலப்படுத்தினேன். கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, காற்றை நேராக இழுக்கும் கூம்பு ஃபில்டர் ஒன்றை மாட்டினேன். சிவப்பாக, பார்க்கவே அத்தனை அழகு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேறயா? தண்டச் செலவு" என்று போய்விட்டார். ஓட்டிப் பார்த்தேன். சும்மா பிய்த்துக்கொண்டு போனது.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. நான் மாட்டுங்காவில் பழமும் பொரியும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அப்பா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று கிளம்பினோம்.

சான்பாடா தாண்டும்போதே வண்டி மந்தமாகத்தான் இருந்தது. டிராஃபிக் என்று நினைத்தேன். மலை தொடங்கியதும் மானம் போயிற்று. பின்னால் கரும்புகை. வளைவு வருவதற்கு முன்பே மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. சிமெண்ட் லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு எங்களை முந்திப் போனது. லாரி!

"சரி, டயர்காரர்கிட்ட சொல்லிருதேன்" என்றார் அப்பா. கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் என்னை அழ வைத்தது. வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன்.

ஃபில்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், அடி முதல் நுனி வரை காய்ந்த சந்தனம். சாமிக்குக் காப்பு சாத்துவது போல ஓர் இடுக்கு விடாமல் அப்பியிருந்தது. மேலே குங்குமம், சுற்றி ஒரு முழம் பூ.

"இது யார் பாத்த வேல?"

அப்பா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சினுக்கு ஒரு பொட்டு, ஜாக்கிக்கு ஒரு பொட்டு. இதுக்கு மட்டும் ஏன்ப்பா இப்படி? மூச்சு விட வேண்டாமா அது?"

"புதுசுல்லா" என்றார். "நீ ஆசையா வாங்குனது. கண்ணு பட்ரக் கூடாதுன்னு..."

தண்டச் செலவு என்றாரே, அவர்தான் உட்கார்ந்து பூசியிருக்கிறார்.

அவரே டிக்கியைத் திறந்தார். உள்ளே கம்பெனியின் பழைய ஃபில்டர் பெட்டி. "ஒன் சாமான் கால வாரினா வேணும்லான்னு எடுத்துப் போட்டேன்." இரண்டு பேருமாக அதை மாட்டினோம்.

இந்த முறை வண்டி முனகவில்லை. வளைவு வந்ததும் பக்கத்து சீட்டிலிருந்து அப்பாவின் கை பழக்கத்தில் கியர் பக்கம் நீண்டது. நான் தொடவில்லை. மூன்றிலேயே ஏறியது, ஏசியோடு, அப்பாவோடு. இழுவை கம்ப்யூட்டரில் இருந்தது. கூம்பு ஃபில்டர் கொடுத்தது சத்தமும் அழகும்தான். வருகிறவர்களிடம் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

அப்பா மேலே போய் டீ குடிக்கும்போது போனை எடுத்தார்.

"எடம் இல்ல வேய், மன்னிச்சுக்கிடும்" என்றார் டயர் கடைக்காரரிடம். "அங்க எம் பிள்ள கட போடுதா."