காலால் அழித்த தடம்

"விஷா, தோத்துட்டேன்."

துருக்கியிலிருந்து மாதவி கூப்பிட்டபோது, ரவாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து அவள் தங்கை விஷாலினி மோட்டார் சைக்கிளில் ஏறப் போய்க்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா. போன்ல ஸ்கோர் பாத்தேன். கடைசி பாயிண்ட் எப்படிப் போச்சு?"

"பந்து அவுட் லா. ரெண்டு விரல் வெளிய. நாந்தான் தடத்த அழிச்சிட்டேன்."

"அழிச்சியா? எதால?"

"காலாலதான். பழக்கம்."

விஷாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு வருசமா ஊரு ஊரா ஆடுற. இன்னுமா கிராணிக்குப் பயப்படுற?"

மாதவியும் சிரித்தாள்.

கோல சிலாங்கூர் பக்கம் அவர்கள் பிறந்த செம்பனைத் தோட்டத்தில், துரைமார் கிளப்புக்கு ஒரு செம்மண் டென்னிஸ் திடல் இருந்தது. அதைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பது அப்பா செல்லனின் வேலை. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆளில்லாத பகல்களில் அக்காவும் தங்கையும் கழித்துப் போட்ட மட்டைகளோடு இறங்கிவிடுவார்கள். பந்து விழுந்த இடத்தில் மண் தடம் காட்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி கண்டால் அப்பாவுக்கு வேலை போகும். அதனால் தடம் விழ விழக் காலால் தேய்த்துக்கொண்டே ஆடுவார்கள்.

விஷாலினி பன்னிரண்டு வயதில் மட்டையை வைத்துவிட்டாள். மாதவி விடவில்லை. பள்ளிப் போட்டி, மாநிலப் போட்டி என்று போய், பத்தொன்பது வயதில் தனியாக விமானம் ஏறினாள். மண் தரைப் போட்டி நடக்கும் ஊர்களாகப் பார்த்துப் போனாள். கூடவே வரப் பயிற்சியாளர் கிடையாது. அறையில் அவளும் துணி காயும் கயிறும்தான். பல நாள் ஆட்ட நடுவரைத் தவிர அவள் பெயரைச் சொல்ல ஆளிருக்காது. அவரும் தப்பாகத்தான் சொல்வார்.

இந்த ஆண்டும் பெரிய போட்டி ஒன்றின் முதன்மைச் சுற்றுக்குள் நுழையாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கான கடைசித் தகுதி ஆட்டம்தான் அது. எதிராளி வெல்ல இன்னும் ஒரே புள்ளி வேண்டும். பந்து கோட்டருகே விழுந்தது. நடுவர் உள்ளே என்றார். தடத்தைப் பார்க்கச் சொல்லி மாதவி விரல் நீட்டினாள். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வருவதற்குள் அவள் கால் அதைத் தேய்த்துவிட்டது. தடத்தை அழித்தவர் பந்து உள்ளே என்று ஒப்புக்கொண்டவர், அதுதான் விதி.

அம்மாவும் அப்பாவும் இறந்துபோனபின் புக்கிட் செந்தோசா வீட்டில் விஷாலினி மட்டும்தான். அன்று அக்காவின் அறையைக் கூட்டினாள். மெத்தைக்குப் புது உறை போட்டாள். அக்கா தோற்றதில் தனக்கு ஒரு சந்தோஷம் இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் கழித்து மாதவி மறுபடி கூப்பிட்டாள். பின்னால் பேருந்து நிலையத்துச் சத்தம்.

"எப்பக்கா டிக்கெட்டு?"

"அடுத்த ஊருக்குப் போறேன், விஷா. திங்கக்கெழம மேட்ச்."

விஷாலினியின் வாய் வரை வந்த சொல் அக்காவுக்குக் கேட்டுவிட்டது போலும்.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன். நீ மட்டும் 'வீட்டுக்கு வாக்கா'ன்னு சொல்லிறாத. சொன்னா வந்துருவேன்."