தொழுவத்தில் அப்பா

ஞாயிறு ஆராதனையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டுத்தொழுவத்தையும் மனிதர் வாழும் வாசஸ்தலத்தையும் எபிரெய மொழியில் 'நாவே' என்ற ஒரே சொல்லால் சொல்வதுண்டு என்றார் பாஸ்டர். உடனே ஈர ரோமமும் புழுக்கையும் கலந்த வாடை எனக்கு வந்தது.

புளியந்தோப்பில் எங்கள் குடிசையை ஒட்டியே அப்பாவின் பட்டி இருந்தது. ஆட்டுத்தொட்டி அறுப்புக்கூடத்தில் மறுநாள் வெட்டப்போகும் ஆடுகள் அங்கே தங்கும். மழை பெய்தால் எங்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, அவற்றை உள்ளே ஓட்டிவருவார்.

"இன்னாயா இது, வூடா பட்டியா?" என்று அம்மா கத்துவாள்.

"நாளைக்கு வெட்டப்போற ஜீவன்மே. இன்னிக்காவது நனையாம கெடக்கட்டும்."

பிறகு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. அம்மா அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். "ஆட்டு வாடையோட உள்ள வராத" என்றாள். அப்பா சோற்றுக்கு மட்டும் படியேறி வந்தார். விருந்தாளியைப் போல வாசலருகே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, படுக்கப் பட்டிக்கே போனார். சாகும்வரை அப்படித்தான்.

பிரசங்கம் முடிந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தாளு வூட்லதான் இருந்துகீறாரு. நான்தான் மூணு மாடி ஏறி வெளிய போய்ட்டேன்."